ஆறு மணி வரைக்கும் பேச்சு

அலுவலகத்தில் அவளைத் தாலாட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. பாட்டுப் பாடி வாங்கிய பெயர் அல்ல; அவள் பாடினால் மொட்டை மாடியில் இருக்கும் புறாக்கள் குடும்பத்தோடு வீடு மாறிவிடும். அவள் தூங்கவைத்தது கம்ப்யூட்டர் சில்லுகளை.

எந்தக் கருவியானாலும் அதை ஓட்டும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் நட்டநடுவில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. அதற்குள்ளே ஷெட்யூலர் என்று ஒரு பகுதி. எந்த வேலை முதலில், எது அப்புறம், அதைச் சில்லுக்குள் இருக்கும் எந்த கோர், அதாவது எந்த வேலையாள், செய்ய வேண்டும், மற்ற கோர்கள் எவ்வளவு நேரம் கண்ணை மூடலாம் என்று நொடிக்கு ஆயிரம் தடவை முடிவு செய்கிற இடம் அது. பதினோரு வருஷமாக அவள் குடியிருந்தது அங்கேதான். மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்தது குளிக்கவும் தூங்கவும்.

வீட்டிலும் அதே குணம். ஃப்ரிட்ஜைத் திறக்கும் முன்பே என்ன எடுக்கப் போகிறோம் என்று யோசித்துவிட வேண்டும் என்பது சட்டம். கணவர் ஒருமுறை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று யோசித்ததற்காக அவள் மூன்று நாள் பேசவில்லை என்று சொல்வார்கள். இரண்டு நாள்தான் என்று அவளே திருத்துவாள். எதையும் கூட்டிச் சொல்ல வராது அவளுக்கு.

கணவருடைய அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார், அதே வீட்டில் முன்னறையில் இருந்தார். பெரிய பஸ் நிலையத்தில் விசாரணை அலுவலர். எந்த பஸ், எங்கே, எத்தனை மணிக்கு என்று ஆறு நடைமேடைகளிலும் நடந்து நடந்து இருபத்திரண்டு வருஷம் சொன்னவர். நிலையத்தின் ஒலிபெருக்கி கெட்டுப்போய் ஒரு மாதம் கழித்துத்தான் அது மேலாளருக்கே தெரியவந்ததாம். அதுவரைக்கும் நாத்தனாரின் தொண்டையே போதுமானதாக இருந்திருக்கிறது. போன வருஷம் அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு உயிர் மிஞ்சியது, குரல் போய்விட்டது.

மேலாளர் நல்ல மனுஷர். வேலையை விட்டு அனுப்பாமல், பின்னறையில் பழைய கோப்புகளை அடுக்கச் சொன்னார். நாலு மாதம் அடுக்கினார் நாத்தனார். ஐந்தாவது மாதம் தட்டில் சோறு மிஞ்ச ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். முன்னறையில் விளக்குக்கூட எரியாது. சிக்கனக்காரியான தாலாட்டுக்கே அந்த இருட்டு பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் வேலை பார்த்த கம்பெனி, சைக்கிள் கடைக்கு மேலே பத்துப் பேர் உட்காரும் சின்னக் கம்பெனி, பேசும் பெட்டி ஒன்றைச் செய்து முடித்திருந்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டு விரலால் தட்டினால் அது பேசும். சோதனைக்கு வந்த முதல் பெட்டியை அவள் நாத்தனாருக்கே கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரி நாட்களையும் சேர்த்து எட்டு மாதத்துப் பேச்சு உள்ளே தேங்கிக் கிடந்திருக்கிறது. முதல் நாளே பெட்டி சூடாகிவிட்டது. அதன் குரலுக்குக் கோபம் வராது என்பது மட்டும்தான் நாத்தனாருக்குக் குறை. யாரைத் திட்டினாலும் நாளைக்கு லேசான மழை பெய்யும் என்பதுபோலவே சொல்லும். அதற்காக ஒவ்வொரு திட்டையும் மூன்று தடவை சொல்லவைத்தார்.

செய்தி மேலாளர் காதுக்குப் போயிற்று. ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நடைமேடையில் நின்று ஒரு முழு ஷிஃப்ட் பேசிக் காட்டினால் பழைய வேலை; நடுவில் பெட்டி நின்றுபோனால் பயணிகள் தவித்துப் போவார்கள், அப்புறம் கோப்புதான். அதற்கு மூன்று வாரம் இருந்தது; அதுவரை வீட்டிலேயே பேசிப் பழக லீவும் கொடுத்தார். பெட்டியோ பகல் இரண்டரைக்கே மூச்சை விட்டுக்கொண்டிருந்தது.

நடுவில் எங்காவது செருகிச் சார்ஜ் ஏற்றலாமே என்றால், ஆறு நடைமேடைக்கும் நடக்கிறவர் எந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பது? இடுப்பில் பவர் பேங்க் கட்டலாம் என்றால், கூட்டத்தில் ஒயர் இழுபடும், வேண்டவே வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கம்பெனியில் பேட்டரி வேலை பார்க்கிறவர் இரண்டு மடங்கு பெரிய பேட்டரி ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். நாத்தனார் அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று நடந்தார்.

"இதை மாட்டினா தலை நிமிராது. பஸ்ஸையா பாப்பேன், என் செருப்பைத்தான் பாப்பேன்" என்றது பெட்டி, லேசான மழைக் குரலில்.

ஆக, பொறுப்பு தாலாட்டின் தலையில் விழுந்தது. இரண்டரை மணிக்கு மேல் வீட்டில் நிலவிய அமைதி ருசியாக இருந்ததோ என்னவோ, ஆறு மணி வரைக்கும் அவசியமா என்று கணவர் மெல்லிய குரலில் கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அவரே தூங்கும் நிலைக்குப் போய்விட்டார்.

பெட்டியின் சில்லுக்குள் எட்டு கோர்கள். நாலு பயில்வான்கள், நினைப்பதற்குள் வேலையை முடித்துவிடும், ஆனால் தீனி அதிகம். நாலு சோனிகள், மெதுவாகச் செய்யும், கொறித்துக்கொண்டே நாளை ஓட்டிவிடும். பழைய ஷெட்யூலருக்கு எட்டுப் பேரும் ஒன்றுதான். பாரபட்சம் பார்க்காமல் வேலையைப் பங்கிட்டது. கடிகாரத்தில் ஒரு எண்ணை மாற்றுவதற்குக்கூட ஒரு பயில்வானை எழுப்பி, சோம்பல் முறித்துச் சட்டை போட்டு வரச்சொல்லி, மாற்றி முடித்ததும் போய்ப் படு என்றது. அப்படி எழுப்புவதிலேயே பாதி சார்ஜ் போயிற்று.

முதலில் அவள் எல்லா வேலையையும் சோனிகளிடம் தள்ளினாள். சார்ஜ் ஆறரை வரைக்கும் நின்றது. ஆனால் தட்டியதற்கும் பேச்சு வருவதற்கும் நடுவில் நாலு நொடி. அன்றைக்கு எதிர்வீட்டு அம்மாள் வந்து குத்தலாக ஏதோ சொல்லிவிட்டுப் போக, நாத்தனார் உடனே பதில் தட்டினார்; அந்தப் பதில் கிளம்பி, கதவைத் தாண்டி, படியிறங்கிப் போய்த்தான் எதிராளியைப் பிடித்தது.

"சண்டைன்னா சூடா இருக்கணும்மா. இது நேத்து மிஞ்சினது மாதிரி இருக்கு" என்றார் நாத்தனார். "அதை விடு. நான் அஞ்சாம் மேடைன்னு சொல்றதுக்குள்ள பஸ் அடுத்த ஊருக்குப் போயிடும்."

நியாயம்தான். அடுத்தபடியாக அவள் வேலைகளை இரண்டாகப் பிரித்தாள். பேச்சு மட்டும் நேராகப் பயில்வானிடம் போகும். பயில்வான் சொல்லிவிட்டு உடனே படுத்துக்கொள்ளும். கடிகாரம், சிக்னல் பார்ப்பது, வெளிச்சத்தைக் கூட்டுவது குறைப்பது என்ற அவசரமில்லாத வேலைகளெல்லாம் வாசலில் காத்திருந்து, ஒரே எழுப்பலில் ஒன்றாக ஒரு சோனியிடம் போய் முடித்துக்கொண்டு வரும். இப்போது பதில் சுடச்சுட வந்தது. சார்ஜ் நாலே முக்கால் வரை வந்தது. அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்குப் புதிதாக ஒரு மாற்றத்தைப் பெட்டியில் ஏற்றினாள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு புரோகிராமும் எழுதி வைத்திருந்தாள். எந்த கோர் விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று நொடிக்கு நூறு தடவை குறித்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அலுவலகத்தில் இருக்கும் அவளுடைய கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அந்த ரிப்போர்ட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு, சார்ஜை யார் தின்கிறார்கள் என்று வரி வரியாகத் தேடினாள். நாலே முக்கால், நாலு ஐம்பது, மறுபடி நாலே முக்கால். திங்கட்கிழமைக்கு நாலு நாள்தான் மிச்சம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் கணவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "அக்கா இன்னும் பேசிக்கிட்டே இருக்காங்க" என்றார். குரலில் சந்தோஷமா சோகமா என்று பிரிக்க முடியவில்லை. தாலாட்டு நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தில் கீழே சைக்கிள் கடையில் நாலு சைக்கிள் சாய்ந்ததாகச் சொல்வார்கள். அன்று காலையில் அவள் செய்தது சின்ன மாற்றம்தான், அவசரமில்லாத வேலைகள் வாசலில் காத்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டியிருந்தாள். அதுவா இவ்வளவு வேலை செய்தது! கம்பெனி மேனேஜரிடம் சொன்னாள், பேட்டரிக்காரர் கையைக் குலுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை ரிப்போர்ட்டைத் திறந்தாள். முந்தின நாள் எட்டே காலோடு அது நின்றிருந்தது. அதற்கப்புறம் ஒரு வரிகூட இல்லை. காரணம் தெரியாமல் வந்த வெற்றி திங்கட்கிழமை காரணம் தெரியாமலே போய்விடலாம். உடனே வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

"அண்ணி, நேத்து பெட்டில எதையாவது மாத்தினீங்களா?"

நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தார். விரல் மட்டும் மெதுவாக நகர்ந்தது. "ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு ஓடிட்டிருந்தது. நிறுத்திட்டேன்."

"ஏன் அண்ணி?"

"நான் பேசுறதெல்லாம் உன் ஆபீசுக்குப் போகுதுன்னு நினைச்சேன்."

"அதுல பேச்செல்லாம் இல்ல. வெறும் நம்பர்."

"உன்னைப் பத்தியும் நிறைய பேசியிருக்கேன்."

"என்ன பேசினீங்க?"

"அது ரிப்போர்ட்ல வரலல்ல?"

"வரல."

"அப்ப விடு."

தாலாட்டு விட்டாள். சண்டை போடுகிற நிலையில் அவள் இல்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். தூங்குகிறவர்களை நொடிக்கு நூறு தடவை தட்டி எழுப்பி, தூங்குறியா, தூங்குறியா என்று கேட்டுக்கொண்டிருந்தது அவளே எழுதிய புரோகிராம். சார்ஜைத் தின்கிறவன் யார் என்று மூன்று வாரமாக எந்த ரிப்போர்ட்டில் தேடினாளோ, அந்த ரிப்போர்ட்தான் தின்றுகொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் மற்ற எல்லாருடைய பெயரும் வந்தது. தன் பெயரை மட்டும் அது எழுதிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை கம்பெனி மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். தான் செய்த மாற்றத்தால் கிடைத்தது பதினோரு நிமிஷம். மிச்சமெல்லாம் தன் கை தின்றது. அந்தப் புரோகிராமையே எடுத்து வீசிவிடலாமே என்றார் மேனேஜர். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்குப் பார்க்காத கெர்னலை ஒரு மனுஷியின் கழுத்தில் மாட்ட முடியாது என்றாள். யாரையும் எழுப்பக் கூடாது, வேறு வேலைக்காக யாராவது தானாக விழித்தால் அப்போது மட்டும் ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும் என்று அதை மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை பெட்டி ஆறு ஐம்பது வரை பேசியது. நாத்தனாருக்குப் பேச விஷயம் தீர்ந்துபோய், கடைசி அரைமணி சுவர்க் காலண்டரைப் படிக்கவைத்தார்.

திங்கட்கிழமை தாலாட்டு லீவு போட்டுவிட்டு நாலாம் நடைமேடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நாத்தனார் ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை. குழந்தையோடு வந்தவளுக்கு வழி சொன்னார், வரிசையில் நுழைந்தவனை மூன்று தடவை திட்டினார். மதியம் தாண்டியது, மூன்று தாண்டியது, நாலே முக்காலும் தாண்டியது.

ஐந்தே காலுக்கு வடக்குச் சாலைப் பாலத்தில் லாரி கவிழ்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஒன்பது பஸ்களுக்கு நடைமேடை மாறியது. நூறு பேர் ஒரே நேரத்தில் நாத்தனாரைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கே, எப்போது, எது என்று எல்லாரும் கேட்க, பெட்டி மூச்சுவிடாமல் பதில் சொன்னது. பயில்வான் நாலு பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று பெஞ்சிலிருந்தே தாலாட்டுக்குத் தெரிந்தது. இந்த வேகத்துக்கு அவள் கணக்குப் போடவே இல்லை. கூட்டத்துக்குள் புகுந்து எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்த்துவிடலாமா என்று எழுந்தாள். பார்த்து என்ன செய்வது? மறுபடி உட்கார்ந்தாள். ஒவ்வொரு பஸ்ஸாகக் கிளம்பியது. கூட்டம் கரைந்தது.

ஆறு மணிக்கு மேலாளர் வந்து எதிரே நின்றார். நாத்தனார் கையைக் காட்டி அவரைக் காக்கவைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெரியவருக்கு, "ரெண்டாம் மேடை, அஞ்சு நிமிஷம் இருக்கு, மெதுவா போங்க" என்று சொல்லி அனுப்பினார்.

"பின்னறைச் சாவியை ஆபீஸ்ல குடுத்துடுங்க. நாளைக்கு எட்டு மணிக்கு இங்க வந்துடுங்க" என்றார் மேலாளர்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பெட்டியில் ஐந்து சதவீதம் இருந்தது. முன் சீட்டுப் பெண் திரும்பி, கழுத்தில் என்ன அது என்று கேட்டாள். நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ என் தம்பி பொண்டாட்டி. இதுக்குள்ள எட்டுப் பேர் இருக்காங்க. யார் வேலை செய்யணும், யார் தூங்கணும்னு எல்லாம் இவதான் சொல்லுவா. இவ சொன்னா மறுபேச்சு கிடையாது."

"எட்டுப் பேரையுமா?"

"எட்டு என்ன, எண்ணூறு பேர் வந்தாலும்" என்றதோடு பெட்டி அணைந்தது.

அந்தப் பெண் மிச்சத்துக்காக வாய் திறந்தபடி காத்திருந்தாள். நாத்தனார் முழங்கையால் தாலாட்டின் விலாவில் ஒரு இடி இடித்தார்.

தாலாட்டு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "எண்ணூறுன்னு அண்ணி குறைச்சுச் சொல்றாங்க" என்றாள். "ஆயிரத்துக்கு மேலயே சமாளிப்பேன்."