அக்காவின் கணக்கில் நாற்பது கடிகாரம்

வங்கியின் இரண்டாம் மாடியில் தம்பிக்கு ஒரே வேலை: சந்தேகப்படுவது. உள்ளூரிலேயே இருந்துகொண்டு குண்டு வைக்கத் திட்டம் போடுகிறவர்கள், பலரிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்ப்பதுண்டு. அப்படிச் சேரும் கணக்கைக் கண்டால் எழுதி மேலே அனுப்ப வேண்டும். யாருடைய கணக்கு என்று வெளியே மூச்சு விட்டால் வேலை காலி. ஆறு வருடமாக அவன் மூச்சு விட்டதில்லை.

அன்று திரையில் வந்த கணக்கில், மூன்றே நாளில் நாற்பது பேர் ஒரே தொகையைப் போட்டிருந்தார்கள். நாற்பது பேரும் எழுதியிருந்த குறிப்பு: "திங்கள் காலை ஐந்து மணி. தயார்." மொத்தப் பணமும் ஒரு கடிகாரக் கடைக்குப் போயிருந்தது. கை பரபரக்கப் பெயரைப் பார்த்தான். சொந்த அக்கா!

தையல்கடை நடத்தும் அக்கா, தன் தெருவுக்கு ஒரு நடைப்பயிற்சிக் குழு தொடங்கியிருந்தாள். விடியற்காலையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அதனால் ஆளுக்கொரு அலாரக் கடிகாரம். எதிலும் கச்சிதம் பார்ப்பவள். எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுத வேண்டும் என்று கட்டளையும் போட்டிருந்தாள். தம்பிக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் 'அக்கா நல்லவள்' என்று எழுத, மேலே அனுப்பும் படிவத்தில் கட்டம் இல்லை.

"சார், இது எங்க அக்கா கணக்கு. நான் தொடக்கூடாது, நீங்களே பாருங்க."

"அக்காவா!" மேலாளர் தலையில் கை வைத்தார். "வீட்ல வாயத் திறந்துடாதப்பா."

வீட்டில் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததை அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னடா பேயறைஞ்ச மாதிரி இருக்கே? லவ்வா?"

"இல்லக்கா."

"வேலை போச்சா?"

"இன்னும் இல்லக்கா."

சனிக்கிழமை விசாரணை அதிகாரிகள் இருவர் தையல்கடைக்கு வந்தார்கள். தம்பி நூல்கண்டு அலமாரியோடு ஒட்டி நின்றான். அக்கா பெட்டியைத் திறந்தாள். நாற்பது கடிகாரம், நாற்பதுக்கும் துணி உறை, உறைக்கொரு பெயர்.

"எண்ணிக்கோங்க சார். ரசீது இதோ."

பெரிய அதிகாரி குனிந்தார். மணி பதினொன்று. நாற்பதும் ஒரே நேரத்தில் அலறின. சின்ன அதிகாரி துணி வெட்டும் மேசைக்கடியில் இருந்தார்.

"பயப்படாதீங்க சார், ஓடுதான்னு பாக்க நான்தான் பதினொண்ணுக்கு வெச்சேன்."

பெரியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கணக்கில் தப்பில்லை என்று எழுதினார்.

"யாரு சார் என்னைக் கண்டுபிடிச்சது?"

"அதைச் சொல்லக்கூடாதும்மா."

தம்பி மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், விளங்கிவிட்டது.

"யாரா இருந்தாலும் கெட்டிக்காரன் சார். சொந்தம்னுகூடப் பாக்கல," என்றாள், ஏதோ தனக்கே பரிசு கிடைத்த மாதிரி.

அவர்கள் போனதும், இழுப்பறையிலிருந்து இன்னொரு கடிகாரத்தை எடுத்துத் தம்பி கையில் திணித்தாள்.

"நாப்பத்தொண்ணு. கைக்காசுல வாங்கினேன், உங்க திரையில வராது. திங்கள் காலைல அஞ்சு மணி. தயாரா இருடா."