பிழை விட்டவன் காவல்

முப்பது வருஷம் லீட் கிட்டார் வாசித்தேன். மட்டக்களப்பில் ராக் வாசித்துச் சோறு தின்ன முடியுமா என்று கேட்காத வாய் இல்லை. தின்றேனே! கலியாண வீடு, கோயில் திருவிழா, பள்ளிக்கூட மைதானம், எங்கே கூப்பிட்டாலும் போனோம். சனம் கேட்ட சினிமாப் பாட்டையெல்லாம் வாசித்துவிட்டு, ஆட்டம் சூடேறிய பிறகு எங்கள் சொந்தப் பாட்டைச் செருகுவோம். குழு என்னுடையது. அதாவது கத்துவது நான், கேட்பது மற்ற நாலு பேர்.

நான் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. யுத்தம் நின்றிருந்த நாட்களில்கூட, சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து இரவில் சாமான் ஏற்ற எந்த வான்காரனும் சம்மதிக்க மாட்டான். அதனால் ஸ்பீக்கர் பெட்டி, ட்ரம்ஸ் எல்லாம் கச்சேரி நடந்த இடத்திலேயே கிடக்கும். மேடையில் பிழை விட்டவன் அவற்றுக்குக் காவலாகப் படுக்க வேண்டும். காலையில் வான் வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.

சுனாமிக்கு முதல் நாள், நத்தார்ப் பண்டிகை இரவு, பெரியகல்லாறு என்ற ஊரில் கடலை ஒட்டிய ஒரு தென்னந்தோட்ட வளவில் கச்சேரி. கடைசியாக எங்கள் சொந்தப் பாட்டு. கிட்டார் தனியே ஓடி நிற்க, ட்ரம்ஸ்காரன் நாலு எண்ணியதும் எல்லாரும் சேர்ந்து இறங்க வேண்டும். நான் மூன்றிலேயே இறங்கிவிட்டேன். பாட்டு குப்புற விழுந்தது. சனம் கூவென்று கத்தியது. நான் என்ன செய்தேன்? திரும்பி ட்ரம்ஸ்காரனை முறைத்தேன். மேடையை விட்டு இறங்கியதும் எல்லார் முன்னிலையிலும் அவன் மேல் பாய்ந்தேன்.

"எண்ணத் தெரியாதவனுக்கு என்னத்துக்குடா ட்ரம்ஸ்? இண்டைக்கு நீதான் காவல்."

அவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். வீடு அதே ஊரில், கடலுக்கு எதிர்ப்பக்கம், வாவிக்கரையில்.

"மகள் பாத்துக்கொண்டிருப்பாள் அண்ண. இண்டைக்கு மட்டும்..."

"சட்டம் எண்டா சட்டம்தான்."

சொல்லிவிட்டு, கீபோர்ட்காரனின் மோட்டார்சைக்கிளில் ஏறிப் போய் என் வீட்டில் கால் நீட்டித் தூங்கினேன்.

விடிந்ததும் அவன் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு அவனுக்குப் புட்டு கொண்டு போயிருக்கிறாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடல் வந்தது. அவன் தென்னை ஒன்றில் சிக்கிப் பிழைத்தான். மனைவியின் உடலை மூன்றாம் நாள் எடுத்தார்கள். மகள் கிடைக்கவேயில்லை. வாவிக்கரையில் அவர்களுடைய வீட்டுக்குள் வந்தது முழங்காலளவு தண்ணீர்தான்.

செத்த வீட்டில் எல்லாரையும்விடப் பலமாக அழுதவன் நான். சீ, என்ன மனுஷன் நான்! பிழை என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சில மாதம் கழித்து அவன் குழுவுக்குத் திரும்பி வந்தான். மறுபடி சண்டை தொடங்கியது, கச்சேரிகள் குறைந்தன, ஒருவழியாக யுத்தமும் முடிந்தது. பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின. வெள்ளைக்காரருக்கு வாசிக்கப் போனோம். முன்னையைவிடத் திறமாகவே அடித்தான். ஒவ்வொரு பாட்டிலும் என் முதுகுக்குப் பின்னால் நாலு எண்ணுவான். பிழை என்னுடையது என்பதைச் சொல்லித் தொலைக்காவிட்டால் நிம்மதியாக வாசிக்க முடியாது என்று ஆகிவிட்டது.

ஒரு பின்னேரம் ஹோட்டல் மேடையில் சாமான் பூட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் இரண்டு பேர்தான்.

"அண்டைக்குப் பிழை விட்டது நான்தாண்டா," என்றேன்.

அவன் ட்ரம்ஸின் திருகாணியை இறுக்கிக்கொண்டே, "தெரியும் அண்ண. நான் நாலு எண்ண முதல் நீங்க வந்திட்டீங்க," என்றான்.

"பிறகு ஏன்டா வாயை மூடிக்கொண்டு இருந்த?"

"சொல்லத்தான் நினைச்சன். விடியப் புட்டுத் தின்னக்குள்ள மனிசியிட்ட சொன்னன். 'வாயைத் திறந்திராதீங்க, அவர் உங்கள குழுவில இருந்து நிப்பாட்டிப் போடுவார்' எண்டாள். சொல்லி முடியல்ல, தண்ணி வந்திட்டு."

அவன் பேச்சில் கோபமே இல்லை. ஏசியிருந்தால், ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை வாசித்தோம். அவனுக்கு முதுகைக் காட்டி நிற்க என்னால் முடியவில்லை. அடுத்த கிழமை, ஹோட்டல்காரர் இளம் ஆளாகக் கேட்கிறார் என்று பொய் சொல்லி அவனை நிறுத்தினேன். "ஓம் அண்ண," என்றான். குச்சிகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.