கப்பலில் வந்ததும் பஸ்ஸில் வந்ததும்

ஜப்பானிய மொழிதான் எனக்குச் சோறு போடுகிறது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லயத்தில் பிறந்தவன் நான். கண்டியில் இரண்டு வருடம் அந்த மொழியைப் படித்துவிட்டு, சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் ஜப்பானியப் பயணிகளுக்குக் கைடாகச் சேர்ந்தேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீடு என்று எனக்கு இருந்தது அக்கா வீடு மட்டும்தான். அக்கா மலையில் கொழுந்து எடுத்தாள். மச்சானுக்குத் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை. அவர்களுக்கு ஒரே மகள், என் மருமகள். மாதம் ஒருமுறை லீவு கிடைக்கும்போது அங்கே போவேன்.

தொழிலுக்காக ஜப்பானின் வரலாற்றையும் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு இருந்த நாடு. புகை கக்கும் வெள்ளைக்காரன் கப்பல்கள் வந்து நின்று மிரட்டியதும் துறைமுகங்களைத் திறந்துவிட்டது. பிறகு குடுமியை வெட்டினார்கள், கோட்டுப் போட்டார்கள், மாட்டிறைச்சி சாப்பிடப் பழகினார்கள், ரயில் விட்டார்கள். பிள்ளைகளைக் கடல் கடந்து படிக்க அனுப்பினார்கள். பயணிகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்கள் கதையை ஒரு தமிழன் அவர்களுக்கே சொல்வது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

உலகமெங்கும் நோய் பரவி விமான நிலையம் மூடப்படுவதற்கு முன்னால் வந்த கடைசிக் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். எழுபது தாண்டியவர். முழங்கால் வலியால் சீகிரியாக் குன்றில் ஏறவில்லை. மற்றவர்கள் மேலே போக, நான் அவரோடு கீழே மரநிழலில் உட்கார்ந்திருந்தேன். அவர் அப்போதே மாஸ்க்கால் முகத்தை மூடியிருந்தார். நான் சொன்ன ஜப்பான் கதையைக் கேட்டுவிட்டு, அதில் ஒன்றை விட்டுவிட்டாய் என்றார். அவருடைய கொள்ளுப்பாட்டனாரின் தகப்பன் புதிதாகத் திறந்த துறைமுகம் ஒன்றில் வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தாராம். ஊரில் முதலில் கடிகாரம் வைத்திருந்தது அவர்தான். ஒரு கோடையில் கப்பலோடு சின்னமுத்து என்ற அம்மையும் வந்தது. அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள் உடம்பெல்லாம் சிவந்து, காய்ச்சலில் போய்விட்டார்கள். அவர்தான் கொண்டுவந்தார் என்று ஊர் சொன்னது. பின்னாளில் அதே மனிதர் பெரியம்மைக்கு ஊசி குத்திக்கொள்ளும்படி வீடு வீடாகப் போய்க் கெஞ்சியிருக்கிறார். மாட்டம்மையிலிருந்து எடுத்த மருந்து, குத்தினால் மாடாகிவிடுவோம் என்று சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். நோயும் மருந்தும் ஒரே கப்பலில்தான் வந்தன, ஜனங்கள் நோயை மட்டும் நம்பினார்கள் என்றார் அந்த அம்மா.

நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் முன்னோர்களை மன்னார்க் கரையில் இறக்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை நடத்திக் கூட்டிவந்தார்கள், பேதியிலும் அம்மையிலும் வழியெல்லாம் விழுந்தார்கள், நாம் இருக்கும் இடத்திலிருந்து அந்தப் பாதை தூரமில்லை என்றேன். அவர் எழுந்து, அந்தத் திசை எது என்று கேட்டு, அந்தப் பக்கமாகத் தலை குனிந்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

பத்து நாளில் ஹோட்டலை மூடிவிட்டார்கள். பெட்டியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் சுகாதாரப் பரிசோதகர் வந்து கதவில் ஒரு தாளை ஒட்டினார். பதினான்கு நாள் யாரும் வெளியே போகக்கூடாது. வெளிநாட்டுக்காரனோடு திரிந்துவிட்டு வந்திருக்கிறேன் என்று லயம் முழுக்கப் பேச்சு. தாளைக் கிழித்த பிறகும், லயத்துக்கே பொதுவான பீலியில் எல்லாரும் தண்ணீர் பிடித்து முடித்த பின்னால்தான் அக்கா வரலாம் என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். அவள் குடத்தோடு தள்ளி நின்று, கடைசி ஆளாகத் தண்ணீர் எடுத்து வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டபோது, "ஒனக்கு ஒன்னுமில்லைல்ல, அது போதும்" என்றாள். அந்த முறை எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

அடுத்த வருடம் ஹோட்டலை உள்ளூர்க்காரர்களுக்காகத் திறந்தார்கள். கைட் வேலை இல்லை. சாப்பாட்டு மண்டபத்தில் தட்டு எடுத்தேன். தடுப்பூசி தோட்டங்களுக்கும் வரத் தொடங்கிய சமயம். அக்காவுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், இருந்ததால் முதல் நாளே போய்ப் போட்டுக்கொள் என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது, இரண்டு வருடத்தில் சாவு என்றெல்லாம் லயத்தில் பேசினார்கள். அக்கா அதை நம்பியவள் இல்லை. காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டால் மலைக்கு யார் போவது என்பதுதான் அவள் கவலை. அடுத்த முறை ஊசி வரும்போது போடுகிறேன் என்றாள்.

அந்த இடைவெளியில்தான் எனக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. தம்புள்ளையில் பஸ் ஏறும்போதே தொண்டை கரகரத்தது. தூசி என்று நினைத்துக்கொண்டேன். மாத்தளையில் இறங்கி இரத்தோட்டை பஸ்ஸுக்கு நின்றபோது இரண்டு முறை இருமினேன். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் உண்மை. தெரியாமல் போனேன் என்று சொல்ல முடியாது. நான் வருவேன் என்று அக்கா நெத்தலிக் கருவாடு வாங்கி வைத்திருந்தாள். பஸ் வந்தது, ஏறினேன். வீட்டு வாசலில் மாஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டேன். ஒரே அறையான காம்பராவும் சமைக்க ஒரு குசினியுமான வீடு. மூன்று நாளும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சீகிரியாவுக்குத் திரும்பிய பின் எனக்கு ஒரு நாள் காய்ச்சலடித்து விட்டுப் போனது. ஐந்தாம் நாள் மருமகள் போன் செய்தாள். அம்மாவால் மூச்சு விட முடியவில்லை என்றாள். ஆம்புலன்ஸ் லயம் வரை ஏற முடியாததால், மச்சானும் பக்கத்து வீட்டு ஆளும் நாற்காலியில் வைத்துத் தார் ரோட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். தூக்க வந்தவரின் மனைவிதான் முன்பு பீலியில் அக்காவைத் தள்ளி நிற்கச் சொன்னவள். ஆஸ்பத்திரியில் அக்கா ஒன்பது நாள் இருந்தாள். சவப்பெட்டியை மூடியே கொடுத்து மூடியே எரித்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. பரிசோதனையில் எனக்கும் நோய் என்று முடிவு வந்ததால், ஹோட்டல் அறையில் அடைபட்டுக் கிடந்தேன்.

வெளியே விட்டதும் போனேன். மச்சான் என்னை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடி, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"ஒங்க மேல கோவம்னு நெனைக்காதீங்க மச்சான். ஆனா ஒங்க மொகத்தப் பாத்தா எனக்கு அவ மூச்சு வாங்குனதுதான் ஞாபகம் வருது. கொஞ்ச நாளைக்கு வராதீங்க."

அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருடமானது. பயணிகள் திரும்பி வந்தார்கள். நான் பழையபடி குடுமி, கோட்டு, ரயில் கதையைச் சொன்னேன். சின்னமுத்தைச் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் மச்சானே போன் செய்தார். மருமகள் மாத்தளையில் ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிறாளாம். நாட்டின் பொருளாதாரம் கெட்டுப்போன பிறகு பாதி இளசுகள் அப்படித்தான் கிளம்பின. ஜப்பானில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கிருந்து வந்த கடிதங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார். போனேன். அவள் அக்காவைப் போலவே முன்பல் தெரியச் சிரித்து, கதவைத் திறந்தாள். பத்திரங்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். தடுப்பூசி அட்டைகளையும் கேட்டிருந்தார்கள். அவள் எல்லாம் போட்டிருந்தாள்.

அவள் போன மறு மாதம் மச்சானைத் தனியாகப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் குடிக்கவில்லை. அன்றைக்கு வரும்போதே எனக்குத் தொண்டை சரியில்லை, தெரிந்தேதான் வந்தேன் என்று சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார். "நீங்க ஏறி வரும்போதே இருமிக்கிட்டுதான் வந்தீங்க. நான் கேக்கப் பாத்தேன். அவதான் தடுத்தா. போன தடவ சனம் பேசுன பேச்சுக்கே தம்பி நொந்து போயிருக்கான், நம்ம வீட்டுலயும் கேட்டா எங்க போவான்னு சொன்னா."

என்னை நோகடிக்கக்கூடாது என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டிருக்கிறாள். அன்றைக்கு மச்சானிடம் அதைச் சொல்லாமலே நான் சுமந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். மச்சான் வேலை முடிந்து வர நேரமானால் வெளியே காத்திருப்பேன். இரண்டு பேரும் சமைப்போம். மகள் போனில் வந்தால், அங்கே பனி பெய்கிறது என்பாள், சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார். போனை வைத்ததும் அவர் தட்டுகளை எடுப்பார், நான் சோறு போடுவேன்.