ரெஜினா அக்கா கேட்ட கடிதம்

செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. முதல் வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். எங்கள் சனிக்கிழமைக் குழுவில் ரெஜினா அக்காவின் படம். பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி. அடியில் 'சாந்தமே உருவானவர்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். அவர் போய்விட்டார் என்பது மனத்தில் இறங்குவதற்கு முன்பே அந்த வரி என்னைச் சுட்டுவிட்டது. துக்கச் செய்தி கேட்டவனுக்குக் கோபம் வரலாமா என்று கேட்பீர்கள். எனக்கு வந்தது. மறுநாள் மாலை தேவகோட்டை கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பும்போதும் அது இறங்கவில்லை.

அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், ரெஜினா அக்காவா சாந்தமானவர்? சின்ன விஷயங்களுக்கு அவருக்குக் கோபம் வராது என்பது உண்மைதான். சர்க்கரை போடாத டீயைக் கொடுத்தாலும் குடித்துவிடுவார். பஸ் ஒரு மணி நேரம் வராவிட்டாலும் முகம் மாறாமல் நிற்பார். ஆனால் ஒரு பிள்ளையை யாராவது தலைகுனிய வைத்தால், அதற்குப் பிறகு அவரோடு பேசிப் பிழைத்தவர் எவரும் இல்லை. செத்துப்போனவர்களை மறுநாளே பசுவாக்கிவிடுகிற இந்த வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசி நிலையத்தில் வெளியூர்களுக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு எங்களோடு சேர்ந்தார். காரைக்குடியில், மூடிப்போன ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நான்கைந்து பேர் கூடுவோம். சுற்று வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் சில, ஏழைப் பிள்ளைகளுக்கு முழு உதவித்தொகை தருகின்றன. ஆனால் மதிப்பெண் மட்டும் போதாது, விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அந்தக் கட்டுரையை எழுதத் துணை நிற்பதுதான் எங்கள் வேலை. பிள்ளைகள் தமிழில் எழுதுவார்கள். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் நான், அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை ஆங்கிலமாக்குவேன்.

அக்கா வந்த முதல் நாளே எனக்குத் திட்டு விழுந்தது. 'உங்கள் வாழ்க்கையில் சந்தித்த மிகப் பெரிய இன்னலையும் அதை வென்ற விதத்தையும் எழுதுக' என்பது விண்ணப்பத்தில் இருந்த கேள்வி. என் எதிரே உட்கார்ந்திருந்த மாணவியிடம் நானும் கடமையாக, "உனக்கு வந்த பெரிய கஷ்டம் என்னம்மா?" என்று கேட்டேன். அவள் விண்ணப்பத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா குடிப்பாரா? வீட்டில் கரன்ட் இருக்கா?" என்று எடுத்துக்கொடுத்தேன். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்திருந்த அக்கா எழுந்து, "சார், கொஞ்சம் இங்குட்டு வாரீகளா?" என்று படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கோயில் வாசல்ல நிக்கிறவுக கூடக் கையை மட்டுந்தான் நீட்டுறாக. நீங்க புள்ளைகளைப் புண்ணையும் காட்டச் சொல்றீக" என்றார்.

"நான் கேட்கவில்லை அக்கா, விண்ணப்பத்தில் கேட்கிறார்கள்" என்றேன்.

"அவுக கேட்டா நீங்களும் கேக்கணுமா? கஷ்டத்துக்குத்தான் தாசில்தார் ஆபீஸ்ல வருமானச் சான்றிதழ் தாராகளே. அதைத்தான் கூட வைக்கிறோமே. கட்டுரையில எதுக்குத் திரும்பவும் அழுகணும்?"

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவருக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். "நீ நல்லாச் செய்யிற வேலை ஒண்ணைப் பத்தி மூணு நிமிசம் பேசு" என்பார். குறுக்கே ஒரு 'ம்' கூடப் போடமாட்டார். அந்தக் காலத்து டிரங்க் காலுக்கு மூன்று நிமிடம்தான் கணக்கு. "மூணு நிமிசத்துல மனுசங்க சாவையும் சொல்லியிருக்காக, சம்பந்தமும் பேசி முடிச்சிருக்காக. நான் கேட்டிருக்கேன்" என்பார். பேசி முடித்த பிள்ளையிடம் அதையே எழுதச் சொல்வார். பேனாவை எங்களில் யாரும் தொடக் கூடாது. என் கை துறுதுறுக்கும், தொடமாட்டேன் என்று உட்கார்ந்திருப்பேன்.

இப்படித்தான் செல்வராணி வந்தாள். கண்டனூர்ப் பெண். அவள் அம்மா காளியம்மாள் ஒரு செட்டியார் வீட்டில் காவல் இருந்து, கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்கிறவர். தகப்பனார் இல்லை. வீட்டுக்காரர்கள் சென்னையில். கல்யாணம், சாமி கும்பிடுதல் என்றால் மட்டும் வருவார்கள். தாயும் மகளும் பின்கட்டில் ஓர் அறையில் இருந்தார்கள்.

செல்வராணி மூன்று நிமிடம் பேசியது கதவுகளைப் பற்றி. ஒரு கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் காய்ச்சல். பதின்மூன்று வயதில், அந்த வீட்டின் அறைகள் அத்தனையையும் தனியாகத் திறந்து காற்றாட விட்டிருக்கிறாள். சாவிகளில் எழுத்து கிடையாது. எது எந்தக் கதவுக்கு என்று கனத்தை வைத்தே கண்டுபிடிப்பாள். எந்தக் கதவைத் தூக்கித் தள்ள வேண்டும், எது மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும், எந்தப் பூட்டுக்கு எண்ணெய் ஆகாது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அதையே எழுதினாள். கட்டுரை, 'எங்கள் வீட்டில் அறுபது கதவுகள் இருக்கின்றன' என்று தொடங்கியது. இத்தனை வருஷத்தில் நான் ஆங்கிலமாக்கிய கட்டுரைகளில் அதைப்போல ஒன்று இல்லை. ஆனாலும் என் புத்தி சும்மா இருக்குமா? "ஏழை என்று ஒரு வரியாவது சேர்க்கலாம் அக்கா" என்றேன். "சான்றிதழ் இருக்குல்ல" என்று முடித்துவிட்டார்.

இடம் கிடைத்தது. உதவித்தொகை கிடைக்கவில்லை. 'விண்ணப்பதாரரின் முகவரியும் கட்டுரையும் அவர் காட்டிய வருமானத்தோடு பொருந்தவில்லை' என்று மின்னஞ்சல் வந்தது. உதவித்தொகை இல்லையென்றால் இடம் இருந்தும் இல்லாத மாதிரிதான். விளக்கம் தர வேண்டுமானால் பத்து நாள் அவகாசம். அந்த ஒரு வரியைப் படித்தவுடன் எங்களுக்கு நடந்தது விளங்கிவிட்டது. கண்டனூரில் பெரிய வீட்டில் வருஷம் முழுக்கக் குடியிருக்கிறார் என்றால் அவர் அந்த வீட்டுக்காரர் இல்லை, காவல்காரர் என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அதைச் சொல்ல வேண்டும் என்று செல்வராணிக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கும் தோன்றவில்லை, எல்லாம் தெரிந்த எனக்கும் தோன்றவில்லை.

அக்கா உடனே போன் போட்டார். வரவேற்பில் இருந்த பெண்ணைத் தாண்டி, அதிகாரியைத் தாண்டி, அதற்கு மேலே இருந்தவரைப் பிடிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆகவில்லை. அது அவர் தொழில். எதிர்முனையில் பேசியவர் தமிழர்தான்.

"மேப்ல பார்த்தோம் மேடம். அது அரண்மனை மாதிரி இருக்கு."

"அரண்மனைதான். யாரு இல்லேன்னா? அதுல வெளக்கமாறு யாரு கையில இருக்குன்னு உங்க மேப்புல தெரியலையா?"

வீட்டு உரிமையாளரிடமிருந்து, இவர்கள் வேலைக்காரர்கள் என்று கடிதம் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்! மறுநாள் அக்காவும் நானும் கண்டனூருக்குப் போனோம். அக்கா காளியம்மாளிடம் முதலில் சொன்னது இதைத்தான்: "தப்பு எம்மேலதாம்மா. எதிர்ல இருக்கறவுகளுக்கு நம்ம முகமும் தெரியாது, ஊரும் தெரியாது. ஆபரேட்டரா இருந்தவளுக்கு அது மறந்துபோச்சு."

காளியம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதம் என்றதும்தான் பதறிப்போனார். "வீட்டுக்கார ஆச்சிகிட்டக் கேக்காதீக அம்மா. நாங்க இங்கன குடியிருக்கோம்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு வீட்டுல பாத்தியதை கேப்போம்னு அவுக வீட்டு ஆளுக சொல்லுவாக. பக்கத்து வீட்டுல அப்படித்தான் ஒருத்தரை வெளியே அனுப்புனாக. ஆச்சி நல்லவுக, ஆனா புள்ளைக விடமாட்டாக."

வெளியே வந்ததும், அவருக்குத் தெரியாமல் சென்னைக்குப் பேசிப் பார்க்கலாமே என்றேன். அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டார். "மகளுக்குச் சீட்டு வேணும்னு தாய் தலைக்கு மேல இருக்கிற ஓட்டைப் பிரிச்சிருவீகளோ?" அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். கிராம நிர்வாக அலுவலரின் சான்றிதழ் வாங்கி அனுப்பினோம், போதாது என்றார்கள். நான் எழுதிய விளக்கத்தை அனுப்பினோம், பதில் இல்லை. அக்கா தினமும் அலுவலகம் திறக்கும் நேரத்துக்குப் பேசினார். கெஞ்சவில்லை. "இன்னைக்கு என்ன முடிவு?" என்று மட்டும் கேட்பார். ஒன்பதாம் நாள் ஒரு வழி சொன்னார்கள். வீடியோ காலில் வந்து, குடியிருக்கும் இடத்தை அந்தப் பெண்ணே காட்ட வேண்டும்.

காளியம்மாள், "காட்டுனாப் போதும்னா காட்டிருவோம்" என்றார். மறுநாள் அக்காவும் நானும் கூட இருந்தோம்; பல்கலைக்கழகத்து ஆட்கள் மூன்று பேர் திரையில் உட்கார்ந்திருந்தார்கள். செல்வராணி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நடுமுற்றமான வளவைத் தாண்டி, பூட்டிய அறைகளைத் தாண்டிப் பின்கட்டுக்கு நடந்தாள். "எங்கே தூங்குகிறீர்கள்? அதைக் காட்டுங்கள்" என்றார் ஒருவர். அறைக்குள் போனாள். பெரிய மனிதர்கள் பார்க்கப்போகிறார்கள் என்று காளியம்மாள் விடியற்காலையிலேயே தரையைக் கழுவி, கோரைப்பாயை விரித்து, ஏதோ ஒரு கல்யாணத்தில் ஆச்சி கொடுத்த புதுப் போர்வையைப் பெட்டியிலிருந்து எடுத்து அதன்மேல் போட்டிருந்தார். விருந்தாளி வந்தால் நம் வீடுகளில் யார்தான் அப்படிச் செய்யமாட்டார்கள்? திரையில் இருந்தவர், "போர்வை புதுசா இருக்கே. நிஜமாவே இங்கேதான் இருக்கீங்களா?" என்றார்.

காளியம்மாள் குனிந்து போர்வையை எடுத்தார். அடியில் ஓரம் கிழிந்த பாய். அதையும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். செல்வராணி கைப்பேசியைப் பாய்க்கு நேராக இறக்கினாள். அக்கா கைப்பேசியை அவள் கையிலிருந்து வாங்கித் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, "பாத்தாச்சுல்ல? போதும்" என்று சொல்லித் தொடர்பை அணைத்துவிட்டார். கெட்டது குடி என்று நினைத்தேன்.

கெடவில்லை. மறுநாள் முழு உதவித்தொகையும் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. நான் லட்டு வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். குழுவே கைதட்டியது. அக்கா லட்டைத் தொடவில்லை.

"கட்டுரையை நம்பலை சார். பாயை நம்புனாக" என்றார்.

நானும் கையிலிருந்த லட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். அறுபது கதவுகளைத் திறக்கத் தெரிந்த ஒரு பெண், தன் வார்த்தையில், தன் கையால் எழுதியதற்கு மதிப்பில்லை. கிழிந்த பாய்க்கு இருந்தது. பட்டணத்துப் பிள்ளை ஒருவன் பந்தயத்தில் தோற்ற கதையை எழுதினால், 'எங்கே, தோற்ற இடத்தைக் காட்டு' என்று யாராவது கேட்பார்களா? அவன் படுக்கையைப் பார்ப்பார்களா? இதற்குப் பிறகும் அவரைச் சாந்தமானவர் என்கிறவர்கள், அந்த மாடியில் என்னதான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

அக்கா அந்தப் பல்கலைக்கழகத்திடம் பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். காளியம்மாள் படிக்கும்படி, தமிழில், 'நீங்கள் படுக்கும் இடத்தைக் காட்டச் சொன்னது தவறு' என்று ஒரு கடிதம். நான்கு வரி போதும் என்றார். வருத்தம் தெரிவிப்பதாக வாயால் சொன்னார்கள். "போன்ல சொன்னது காத்தோட போயிரும், அது எனக்குத் தெரியாதா? எழுதிக் குடுங்க. எங்க புள்ளைகளை மட்டும் எழுதச் சொல்றீகள்ல?" என்றார். மாதத்துக்கு ஒரு முறை கூப்பிடுவார். இரண்டு வருஷம் கூப்பிட்டார். எங்களில் சிலர் சிரித்தோம். கிடைத்த பிறகு எதற்கு வம்பு, அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு இடம் போய்விடும் என்று அவரிடமே சொன்னோம். சொன்னவர்களில் நானும் ஒருவன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

அடக்கத்துக்குச் செல்வராணி விடுதியிலிருந்து இரவோடு இரவாகப் பஸ் ஏறி வந்திருந்தாள். அவள் அழவில்லை. காளியம்மாள்தான், கல்லறைத் தோட்டத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கடுதாசி வருமா சார்? அந்தம்மா வரும்னு சொல்லுச்சு" என்று கேட்டார். அதுவரை அது அக்காவின் பிடிவாதம் என்றே எண்ணியிருந்தேன். அந்தத் தாய் இரண்டு வருஷமாகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

அவருடைய பொருள் எதையும் நான் எடுத்துவைத்துக்கொள்ளவில்லை. படத்தை மாட்டி மாலை போடவும் போவதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைபேசி எண். நேற்று அதைக் கூப்பிட்டேன். காரைக்குடி என்று சொன்னதுமே வரவேற்பில் இருந்த பெண் சலிப்போடு, "ரெஜினா மேடம் சார்பாவா சார்?" என்றாள்.

"ரெஜினா மேடம் இறந்துவிட்டார்" என்றேன்.

"ஐயோ, அப்படியா சார்... அப்போ அந்த லெட்டர் விஷயம்?" என்று கேட்டாள்.

"இனிமேல் நான் கூப்பிடுவேன். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன்.