ஐந்தாவது பந்து

தக்கலை பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன் ஜெரின். என்னோடு பள்ளியில் படித்தவன், இப்போது கடலுக்குப் போகிறான். மஞ்சள் ஜெர்சி. கையில் போன். அதில் நான் செய்த இணையதளம்.

"ஏலே மக்கா, இந்த கேமக் களிச்சியா? அஞ்சு பெனால்டி. அஞ்சும் கோலானா பிரேசிலுக்கே கூட்டிட்டுப் போவானுவ."

ஒரு குளிர்பானக் கம்பெனியின் உலகக்கோப்பை விளம்பரம் அது. கடைசி வாரம் வரை ஐந்தாவது பந்தை யாருக்கும் உள்ளே விடக்கூடாது என்றார்கள். அப்படியே நிரல் எழுதிக் கொடுத்தேன். வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டேன்.

"நாலு வரைக்கும் சுகமா போவுது. அஞ்சாவதுக்கு எனக்க விரலு நடுங்குகு."

"எங்க போற?" என்று பேச்சை மாற்றினேன்.

"பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்க. ஜெயிச்ச பெறவு ஓடிட்டுக் கெடக்கப்பிடாதுல்லா?"

கூட்டம் நெருக்கியது. எழுந்து போக வழியில்லை. போனை என் கையில் திணித்தான்.

"நீ ஒண்ணு அடி."

நாலு கோல் போட்டேன். ஐந்தாவதை அடித்தேன். நான் வரைந்த கோல்கீப்பர், பந்து போன பக்கமே பாய்ந்து பிடித்தான்.

"ஒனக்கும் போவல்லியா?" ஜெரினுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப எனக்க விரலுக்குக் கொழப்பமில்ல. நாளைக்குப் போட்டுருவேன்."

இறங்கும்போது, போட்டோவுக்குத் தலை சீவ என்னிடம் சீப்பு கேட்டான். கொடுத்தேன்.

ஜெரின் என் வலைப்பக்கத்துக்கு வருவதில்லை. வருகிறவர்கள், அந்த விளையாட்டில் எத்தனை கோல் போட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஐந்து என்று எழுதுகிறவரை நான் நம்பமாட்டேன்.