பதிலுக்கு இரண்டு தட்டு

என்னைத் தெரிந்தவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். கதை விடுகிற ஆள் நான் இல்லை. அடுத்தவர் விடுகிற கதையை மீட்டர் வைத்து அளப்பதுதான் என் பிழைப்பே. இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம் பாதி சொன்னேன். அந்தப் பாதியிலேயே மனுஷன் எழுந்து போய் எல்லா விளக்கையும் போட்டுவிட்டார்.

எனக்குப் புறநகர் நகராட்சியில், சுகாதாரப் பிரிவில் வேலை. கொசுவுக்கு ஒரு ஆள், குடிநீருக்கு ஒரு ஆள், ஹோட்டல் சமையலறைக்கு ஒரு ஆள். எனக்குச் சத்தம். பக்கத்து வீட்டு நாய், மாடி வீட்டு கிரைண்டர், ஏசி உறுமல்... யாராவது புகார் கொடுத்தால் போய் அளப்பேன். ஆபீஸில் எனக்கு 'டெசிபல் அக்கா' என்று பேர். வருகிற புகாரில் பாதி சத்தத்தைப் பற்றியே இருக்காது. பார்க்கிங் சண்டை, பங்காளிச் சண்டை, வயிற்றெரிச்சல்... ஆளைப் பார்த்ததுமே எது என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெரியவர் விஷயத்தில் மட்டும் என் கணக்கு தப்பிப் போனது.

'சாயங்காலமானால் சுவரில் தட்டும் சத்தம்' என்பது அவருடைய புகார். சத்தம் போடுபவர் யார் என்ற இடத்தில் 'பின்னறை' என்று மட்டும் இருந்தது. பின் வீட்டைத்தான் அவசரத்தில் அப்படி எழுதிவிட்டார் என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் அது தனி வீடு. சுற்றிலும் நாலடிச் சந்து. பின்னால் காலி மனை.

கதவைத் திறந்தவர் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இஸ்திரி போட்ட சட்டையைக் கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டியிருந்தார்.

"பின்னாடி வீடே இல்லையேங்கய்யா. யாரு தட்டுறது?"

"இந்த ரூம்மா."

அவருடைய படுக்கையறையை ஒட்டி இன்னொரு அறை. வெளியே பூட்டு தொங்கியது.

"உள்ள யாரு இருக்காங்க?"

"யாருமில்ல."

"அப்ப யாரு மேலதான் புகார்?"

"புகார்னு எழுதினாத்தானம்மா நீங்க மெஷினோட வருவீங்க."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எந்த வீட்டிலும் சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லாமல் வர மாட்டேன். அன்றைக்கும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொற்றுக் காய்ச்சல் வந்தபோது அவர் மனைவிக்கும் வந்திருக்கிறது. எங்கள் ஆட்கள் போய் வாசலில் ஸ்டிக்கர் ஒட்டி, அந்த அம்மாவைப் பின்னறையில் தனியாக இருக்கச் சொல்லிவிட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கதவு ஓரம் வைத்துவிட்டு இவர் நகர்ந்துவிட வேண்டும். பேச அந்த அம்மாவுக்கு மூச்சு பத்தவில்லை. அதனால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார்களாம். 'இருக்கீங்களா?' என்று அர்த்தம். இவர் பதிலுக்கு இரண்டு தட்டுவார். 'இருக்கேன்.'

"கடைசி ராத்திரி விடிய விடியத் தட்டினாம்மா. நான் ஒரு தட்டுக்குக்கூட பதில் சொல்லாம விடல. விடிஞ்சப்புறம்தான் நின்னுச்சு. அப்புறம் வண்டி வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. முகத்தைக்கூட காட்டல."

இப்போது மூன்று மாதமாக அந்த அம்மா மறுபடியும் தட்டுகிறார்களாம். தினமும் சாயங்காலம், மூன்று நாலு தடவை.

வங்கியில் வேலை பார்க்கிற மகளிடம் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று அவள் பயந்துவிட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வெளியூர் வரச் சொல்கிறாள். 'நகராட்சி மெஷின்ல சத்தம் விழுந்துச்சுன்னா நம்புறேன், இங்கயே இருங்க. இல்லன்னா ஞாயித்துக்கிழமை கிளம்பணும்' என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"நான் போயிட்டா அவ தட்டுவாம்மா. பதில் சொல்ல ஆள் இருக்காது."

அவர் படுக்கையறைச் சுவர் ஓரம் மெஷினை மாட்டினேன். சத்தத்தின் அளவை அது எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் பட்டனை அமுக்கினால்தான் பதிவு செய்யும். அமுக்குவதற்கு முந்தின அரை நிமிஷமும் சேர்ந்து விழும். சத்தம் கேட்டதும் அமுக்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று நாள் கழித்து எடுத்து வந்து, ஆபீஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். பதினொரு பதிவு. எல்லாமே ஒரே மாதிரி. மின்விசிறி ஓடும். அவர் இருமுவார். பிறகு பக்கத்தில் டொக்... டொக். அது அவர் கை. பதில் தட்டு மட்டும்தான் இருந்தது. கேள்வி இல்லை.

பாவம், தனக்குத்தானே தட்டிக்கொள்கிறார் என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றப் போனேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அவர் தட்டுவதற்குச் சற்று முன்னால் சில நொடி... மின்விசிறிச் சத்தம் இல்லை. தெருச் சத்தமும் இல்லை. பதினொன்றிலும் அப்படித்தான். அளவைப் பார்த்தேன். பதினாலு டெசிபல். ஊருக்குள் இருக்கிற வீட்டில், மின்விசிறி ஓடுகிற அறையில், அவ்வளவு அமைதி இருக்கவே முடியாது. மெஷின் கோளாறாக இருக்கும் என்று சோதித்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை.

மகள் போன் செய்தாள். குரலில் அவ்வளவு அசதி.

"மேடம், ஒண்ணும் விழலதானே?"

"நாளைக்கு நானே நேர்ல போய்க் கேட்டுட்டு எழுதுறேன்மா."

எங்கள் விதிப்படி அதிகாரி காதால் கேட்டாலும் கணக்குதான். உண்மையைச் சொன்னால், அந்தப் பெரியவருக்காக இன்னும் ஒரு நாள் இழுத்தேன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குப் போனேன். மறுநாள் மகள் வருகிறாள். நாலு நாளாகத் தூங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கண் இரண்டும் குழி விழுந்திருந்தது. 'நீங்க உட்காருங்கய்யா, நான் பாத்துக்கறேன்' என்றேன். உட்கார்ந்த இடத்திலேயே தலை சாய்ந்துவிட்டது.

பின்னறைப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. சுவர் ஓரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, மெஷினை மடியில் வைத்துக்கொண்டேன். முப்பத்தாறு காட்டியது. மின்விசிறி. தெருவில் சைக்கிள் மணி. எங்கேயோ குக்கர் விசில்.

ஏழு பத்துக்கு எண் இறங்க ஆரம்பித்தது.

முப்பது... இருபத்தைந்து... பத்தொன்பது.

நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

பதினாலு.

டொக்... டொக்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

மெஷினில் எண் அசையவே இல்லை. பதினாலு பதினாலாகவே நின்றது. ஆனால் நான் கேட்டேன். முதுகைச் சாய்த்திருந்த சுவரில் அந்த அதிர்வு எனக்குத் தெரிந்தது.

பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையும் மடியில். நல்ல தூக்கம்.

டொக்... டொக்.

இந்தத் தடவை மெதுவாக. கையில் தெம்பு இல்லாதவர் தட்டுகிற மாதிரி.

"ஐயா..." என்று கூப்பிட்டேன். உதடு அசைந்தது. குரல் எனக்கே கேட்கவில்லை.

எழுந்து போய் அவர் தோளைத் தொட வேண்டும். கால் நகரவில்லை.

டொக்...

ஒன்றுதான். அடுத்தது வரவில்லை. அந்த இடைவெளி இருக்கிறதே... என்னால் தாங்க முடியவில்லை. பயம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. பதில் வராமல் அந்தப் பக்கம் ஒரு பொம்பளை காத்துக்கொண்டு இருக்கிறாள் என்றுதான் தோன்றியது.

என் கை தானாகச் சுவருக்குப் போனது.

இரண்டு தடவை தட்டினேன்.

உடனே மின்விசிறிச் சத்தம் திரும்பி வந்தது. தெருச் சத்தமும் வந்தது. எண் முப்பத்தாறுக்கு ஏறியது. பெரியவர் திடுக்கிட்டு விழித்தார்.

"தட்டினாளா?"

"கேட்டேங்கய்யா. என் காதால கேட்டேன்."

"பதில்?"

"நீங்க தூங்கிட்டீங்க... நானே சொல்லிட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி அழுதார். நானும் அழுதேன். அங்கேயே உட்கார்ந்து 'தட்டும் சத்தம் அதிகாரியால் நேரில் கேட்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தேன். மறுநாள் மகள் அதை மூன்று தடவை படித்தாள். அவளுக்குச் சம்மதமில்லைதான். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அப்பாவை விட்டுவிட்டுத் திரும்பிப் போனாள்.

பெரியவர் ஜெயித்துவிட்டார். அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் தட்டும் சத்தம் வரவே இல்லை.

தினமும் போன் செய்வார். "இன்னைக்கும் இல்லம்மா." ஒன்பது நாள் சுவர் ஓரமே உட்கார்ந்திருக்கிறார். பத்தாம் நாள் அவரே மகளைக் கூப்பிட்டு, வந்து அழைத்துப் போகச் சொல்லிவிட்டார். கிளம்புகிற நாள் காலையில் போய்ப் பார்த்தேன். அன்றைக்கும் இஸ்திரி போட்ட சட்டைதான்.

"என்கிட்ட சொல்லிக்காமப் போயிட்டா. பரவால்ல. உங்ககிட்டயாவது சொல்லிட்டுப் போனாளே."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆட்டோ தெரு முனை திரும்புகிற வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கட்டில் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. கீழே பிள்ளைகள் விளையாடுகிற சத்தம். திடீரென்று அது நின்றது. பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். வாய் திறந்து மூடியது. சத்தம் இல்லை.

டொக்... டொக்.

கட்டிலை ஒட்டின சுவர். அதற்கு அந்தப் பக்கம் அறை கிடையாது. வீடு மூன்றாவது மாடி.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடவில்லை. பாவம், அந்த அம்மா வழி தெரியாமல் என் பின்னால் வந்துவிட்டார் என்று நினைத்தேன். பதில் சொன்ன கை என் கைதானே. இரண்டு தட்டினேன். பிள்ளைகளின் கூச்சல் திரும்பி வந்தது.

ஐந்து நாள் பதில் சொன்னேன். வீட்டுக்காரர் வேலை முடிந்து வருவதற்குள் அது வந்து போய்விடும். பெரியவரை ஒரு நாள் என் வீட்டுக்கு அழைத்து வந்து, அந்தச் சுவர் ஓரம் உட்கார வைக்க வேண்டும். அவர் பொருளை அவரிடம் திருப்பிக் கொடுக்கிற மாதிரிதான். அதைக் கேட்க மகளுக்குப் போன் செய்தேன்.

அதுவரை நடந்ததைச் சொன்னேன்.

"மேடம், அப்பா உங்ககிட்ட என்ன சொன்னாரு? கடைசி ராத்திரி விடிய விடிய அம்மா தட்டினாங்க, அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"அன்னைக்குக் காலையில வந்த டாக்டர் என்கிட்ட தனியாச் சொன்னாரு. அம்மா இறந்தது முந்தின நாள் சாயங்காலமே. உடம்பு விறைச்சுப் போயிருந்துச்சாம். பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடந்தாங்க. சுவர்கிட்டயே இல்ல."

போனும் கையுமாக அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பாகிட்ட இதைச் சொல்லிராதீங்க மேடம். அந்த ஒரு ராத்திரியை நினைச்சுத்தான் அவரு உசிரோட இருக்காரு."

அப்படியென்றால்... அந்த ராத்திரி முழுக்க அவர் யாருக்குப் பதில் சொன்னார்?

ஐந்து நாளாக நான் யாருக்குச் சொன்னேன்?

அன்றிலிருந்து பதில் தட்டுவதை நிறுத்திவிட்டேன். கட்டிலை எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றிப் போட்டோம். ஆனாலும் அது நிற்கவில்லை. முதலில் இரண்டு. அப்புறம் மெதுவாக இரண்டு. அப்புறம் ஒன்று. சில நாள் கை தானாக எழும். ஒருவேளை அது அந்த அம்மாவாகவே இருந்தால்? கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் சாயங்காலம் பெரியவர் போன் செய்தார். மகள் வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறாராம். தூக்கமும் வருகிறதாம்.

"அவ நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டா இல்லம்மா?"

அப்போது மணி ஏழு பத்து. ஜன்னல் திறந்திருந்தது. கீழே பிள்ளைகளின் சத்தம் அடங்கிக்கொண்டு வந்தது.

"ஆமாங்கய்யா" என்றேன். "நிம்மதியாப் போயிட்டாங்க."

அடுத்து அவர் என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.