மடியில் என்று சொன்னேன்

எங்கள் நாய் என் மடியில் சாகவில்லை. அப்படி என் மனைவி ரூத்திடம் சொன்னவன் நான்தான். அது பொய்.

எழுதிவிட்டேன்... நேரில் கேட்டிருந்தால் உங்களிடமும் சொல்லியிருக்க மாட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத ஆள் நான். ஒரகடம் சாலையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பதினோரு வருஷமாகச் சாப்பாடு பரிமாறுகிறேன். அங்கே பாதிப் பேருக்கு என் குரலே தெரியாது.

நாயின் பெயர் டோக்கன். யாரோ தவறவிட்ட சாப்பாட்டு டோக்கனைக் கேன்டீன் வாசலில் மென்றுகொண்டிருந்த பெட்டைக் குட்டி. சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். ரூத் பெயர் வைத்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒன்பது வருஷம், கூப்பிட்டால் ஓடிவர அந்த வீட்டில் ஓர் உயிர் இருந்தது.

இந்த 1991 தொடக்கத்தில் அதன் பால்காம்பின் பக்கத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு. பிறகு எலுமிச்சம்பழம். சைக்கிள் கேரியரில் தக்காளிப் பெட்டியைக் கட்டி, அதில் உட்காரவைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சீட்டு எழுதிய கம்பவுண்டர் பெயர் கேட்டார்.

“டோக்கன்.”

“டோக்கன் நான் தரேன்யா. நாயி பேரு இன்னா?”

“அதான் சார்... டோக்கன்.”

ஆடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். “புத்துநோய்ப்பா. நெஞ்சுக்கும் போயிருக்கும், மூச்சு வாங்குது பாரு. அறுத்தாலும் பிரயோஜனம் இல்ல. ரொம்ப வலிச்சா கொண்டா, ஊசி போட்டுடலாம். அது தூங்குற மாதிரி போயிடும்.”

வீடு திரும்பியபோது ரூத் வாசலிலேயே நின்றிருந்தாள். “இன்னாங்க சொன்னாரு?”

“கட்டிதான். கரைஞ்சிடும்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அவளுடைய அப்பா அந்த நோயில்தான் போனார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் சொல்வதற்குள் அவள் டோக்கனுக்காக உபவாசம் தொடங்கிவிட்டாள்.

எங்கள் சபையில் அது வழக்கம். வேண்டுதல் இருந்தால் வெள்ளிக்கிழமை முழுக்க வெறும் தண்ணீர்தான். ஏழு வெள்ளிகள் இருந்தாள். எனக்கு மட்டும் வடித்துப் போட்டாள். அந்தக் கட்டி கரையாது என்று தெரிந்த நான் ஏழு வெள்ளியும் அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். குழம்பு வேண்டுமா என்று கேட்டபோது, ஊற்று என்றும் சொன்னேன்...

கட்டி உடைந்தது. டோக்கன் படுக்க முடியாமல் நின்றுகொண்டே கண்ணை மூடும். ரூத்தின் ஜெபம் மாறியது. “ஆண்டவரே, வலி இல்லாம எடுத்துக்கப்பா. எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பக்கத்துல இருக்கசொல்லோ எடுத்துக்க.”

அடுத்த வியாழக்கிழமை அவள் படப்பையில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனாள். நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பெட்டியைச் சைக்கிளில் கட்டினேன். அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், அன்றைக்கு மறைத்ததையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

பெட்டிக்குள் டோக்கன் தானாகவே ஏறப் பார்த்தது. முடியவில்லை. தூக்கிவைத்தேன்.

டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார். “தலையப் பிடிச்சுக்க. உன்னப் பாத்துக்கிட்டு இருந்தா பயப்படாது.”

பிடித்தேன். அது என் முகத்தைப் பார்த்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கதவருகில் அன்றுபோலவே ஆட்டுக்காரர்கள் நின்றார்கள். நாற்பத்தாறு வயது ஆள் நாய்க்காக அழுவதை அவர்கள் பார்ப்பார்களே... அதுதான் ஓடிற்று என் மனத்தில். அந்த நேரத்தில்!

“பீடி வாங்கிட்டு வந்துடறேன் சார்,” என்றேன். எனக்குப் பீடிப் பழக்கமே கிடையாது.

கம்பவுண்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் வெளியே வந்து சைக்கிள் பக்கம் நின்றேன். உள்ளே இருந்து ஒரு முனகல் கேட்டது. தினமும் நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது டோக்கன் கொடுக்கும் அதே முனகல். அப்போதாவது உள்ளே போயிருக்கலாம். ஆறேழு அடி தூரம்தான். போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் கம்பவுண்டர் வந்தார். இந்த முறை அவர் கிண்டல் செய்யவில்லை. “முடிஞ்சிடுச்சுப்பா. வாசலயே பாத்துக்கினு இருந்துச்சு.”

வீட்டுக்குக் கொண்டுவந்து, அது வழக்கமாகப் படுக்கும் சாக்கில் கிடத்தினேன். சாயங்காலம் வந்த ரூத் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தடவினாள். அழுதாள். “ஒண்டியாவா போச்சு?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“இல்ல. என் மடியில.”

அவள் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்தாள். வேண்டுதல் நிறைவேறியவர்கள் எல்லார் முன்னும் எழுந்து சொல்வார்கள். பின் வரிசையில் ஒருவர், “நாய்க்கெல்லாமா சாட்சி?” என்றார். போதகர், “அதுவும் ஜீவன்தானே, நீ சொல்லும்மா,” என்றார்.

“கத்தல, துடிக்கல. எங்க வூட்டுக்காரர் மடியில தல வச்சுக்கினு தூங்குற மாரி போச்சு. நான் கேட்டதக் கர்த்தர் அப்படியே குடுத்தாரு.”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்திருப்பார்கள். நீங்களும் அங்கே இருந்திருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

உண்மையைச் சொன்னால் அவளிடமிருந்து எதைப் பிடுங்குவேன்? நாயின் சாவையா, ஏழு வெள்ளிகளையா, என்னையா? அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை.

அவள் இன்னும் கேட்கிறாள். கடைசியில் என்ன செய்தது என்று. முதல் முறை, கையை நக்கியது என்றேன். அடுத்த முறை, பெருமூச்சு விட்டது என்றேன். நேற்று துணி மடித்துக்கொண்டே கேட்டபோது, வாலை ரெண்டு தரம் ஆட்டியது என்றேன்.

“போன வாட்டி இத சொல்லவே இல்லியே நீங்க.”

“மறந்துட்டேன்.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. துணியைத் தள்ளி வைத்துவிட்டு என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.